கடைக்குட்டி அஃப்ரியேயின் பேத்தி

பிராகோவும் நானும் அசுவோசோ சந்தையில் பக்கத்துப் பக்கத்துக் கடை. அவள் கருவாடு விற்றாள், நான் தக்காளியும் கத்தரிக்காயும். அவள் எருமைக் குலம், நான் நாய்க் குலம். ஒரே குலமாக இருந்திருந்தால் ஒரு துண்டு நிலத்துக்காக என்றைக்காவது அடித்துக்கொண்டிருப்போம். வேறு வேறு என்பதால் சிரித்துப் பேசிக்கொண்டே இருவருக்கும் தலை நரைத்தது.

"உன் நாய் என் மீனுல வாய் வச்சிடுச்சு போல, ஒரு தலை குறையுது" என்பாள் கடையைத் திறக்கும்போதே.

"உன் எருமை என் கத்தரிக்காயை மேஞ்சதுக்கு அது சரியாப் போச்சு" என்பேன் நான்.

அவளிடம் மீன் வாங்க வந்தவர்களைவிட ஆள் விசாரிக்க வந்தவர்கள்தான் அதிகம். எங்களுக்கு ரத்தம் தாய் வழியாகத்தான் வருகிறது. ஒரே தாய்க்கொடியில் பிறந்த இரண்டு பேர் கட்டிக்கொண்டால் குடும்பமே நாசமாகிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதனால் எருமைக் குலத்தில் கல்யாணப் பேச்சு தொடங்கினாலே முதலில் பிராகோவிடம் வந்து நிற்பார்கள். "உன்னைப் பெத்தவ யாரு? அவளைப் பெத்தவ? அவ எந்த ஊருக்கு வாக்கப்பட்டா?" என்று கேட்டுக்கொண்டே கருவாட்டைத் திருப்பிப் போடுவாள். நாலாவது கேள்வியில் உறவு என்னவென்று சொல்லிவிடுவாள்.

சாவு வீட்டில் செத்தவரின் வழியைச் சொல்லி அழுவதும் அவள்தான். அவள் குரல் கணீரென்றிருக்கும். "பெமா பெத்தது மூணு பொண்ணு. மூத்தவ டாகோவா, நடுவுள்ளவ செரா, கடைக்குட்டி அஃப்ரியே" என்று ஆரம்பிப்பாள். டாகோவா வழி ஒரு பக்கம் போகும், செரா வழி இன்னொரு பக்கம் போகும். கடைசியில் அஃப்ரியேயின் பெண், அந்தப் பெண்ணின் பெண் நான் என்று தன் நெஞ்சில் கைவைத்து முடிப்பாள். அவளுக்குப் பெண் பிள்ளை இல்லை. மூன்றும் பையன்கள். மூத்தவன் தகோராடி துறைமுகத்தில் வேலை பார்த்தான். மற்ற இருவரும் குமாசியில். புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான். "என்னோட எங்க பாட்டி கொடி அறுந்துச்சு, சார்போமா" என்று எப்போதாவது சொல்வாள். சொல்லிவிட்டு அடுத்த நிமிஷம் யாரிடமாவது பேரம் பேசிக்கொண்டிருப்பாள்.

வினை ஒபிரி வழியாக வந்தது. ஒபிரி டாகோவாவின் பேரன், சொந்தமாக லாரி ஓட்டுபவன், பிராகோவுக்குத் தம்பி முறை. செத்துப்போன தன் அக்காவின் மகள் போக்குவாவைத் தன் மகளாக வளர்த்தவன். ஒரு நாள் பனங்கள் குடுவையோடு கடைக்கு வந்தான்.

"அக்கா, நம்ம போக்குவாவுக்கு மாப்பிள்ளை அமைஞ்சிடுச்சு. சுன்யானியில வாத்தியாரு."

"அவன் அம்மா பேரு என்ன?"

"அது யாருக்குத் தெரியும்? அவன் வச்சிருக்கிற சைக்கிள் என்ன மாடல்னு கேளு, சொல்றேன்."

"சைக்கிளுக்கா பொண்ணைக் கொடுக்கப் போற? போய் விசாரிச்சுட்டு வாடா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கள்ளில் ஒரு வாய் எனக்கும் கிடைத்தது. ஒபிரி விசாரித்துக்கொண்டு வந்து சொன்ன பெயர்களைக் கேட்டதும் பிராகோவின் முகம் மாறியது. வாத்தியாரின் தாய்ப்பாட்டி, செராவின் இரண்டாவது மகள். மரம் வெட்டுகிறவன் ஒருவனோடு மேற்கே போனவள், திரும்பி வரவே இல்லை.

"வேண்டாம் தம்பி. அவன் போக்குவாவுக்கு அண்ணன் முறை."

"அக்கா, அது என்னைக்கோ போன கதை. அந்தப் பொம்பளை மூஞ்சியை நீகூடப் பாத்ததில்ல."

"நான் பாக்கலேன்னா அவ பெமா வயித்துல வந்தவ இல்லேன்னு ஆயிடுமா?"

ஒபிரி கெஞ்சினான். பெண் அந்த வாத்தியார்மேல் உயிரையே வைத்திருக்கிறாள் என்றான். பிராகோ அசையவில்லை. குடும்பத் தலைவர் ஜாச்சேயும் அவள் சொன்னதையே சொல்லிவிட்டார். கல்யாணம் நின்றது. போக்குவா சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். ஒபிரி அதற்குப் பிறகு பிராகோ கடையைத் தாண்டும்போதெல்லாம் லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே போவான். அக்கா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. கொக்கோ தோட்டங்களில் இலை காய்ந்து தொங்கியது. காட்டுத்தீ ஊர் எல்லை வரை வந்து போனது. எருமைக் குலத்துப் பெண்களுக்குத் தலைவியாக இருந்த கிழவி அந்தப் புகையிலேயே இருமி இருமிச் செத்தாள். நாற்பதாம் நாள் சடங்கு குடும்ப வீட்டில் நடந்தது. நான் அடுக்களையில் பனங்காய் ரசம் கிண்டிக்கொண்டிருந்தேன். முற்றத்தில் பேசுவது எல்லாம் காதில் விழும்.

அடுத்த தலைவியாக பிராகோவை வைக்கலாம் என்று ஜாச்சே சொன்னார். பெண்கள் எல்லோரும் சரி என்று கை தட்டினார்கள். அது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். அப்போது ஒபிரி எழுந்தான். குடித்திருந்தான், ஆனால் நாக்கு குழறவில்லை.

"எம் பொண்ணு யாரோட ரத்தம்னு இவ சொன்னா. கேட்டுக்கிட்டேன். இவ யாரோட ரத்தம்னு நான் கேக்கட்டுமா? சந்தையில உப்புக்கு வாங்கிட்டு வந்த ஒடொன்கோவோட பேத்திக்கு, எங்க பெமா வீட்டுல என்ன பேச்சு?"

என் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றுவிட்டது. வடக்கிலிருந்து பிடித்துக்கொண்டு வந்து விற்கப்பட்டவர்களை அந்தக் காலத்தில் ஒடொன்கோ என்றுதான் சொல்வார்கள். எங்கள் நாட்டில் ஒருவரின் பூர்வீகத்தைச் சபையில் எடுத்துப் பேசக் கூடாது. பேசினால் குற்றம். வாங்கிவந்தவளை மகள் என்று ஏற்றுக்கொண்டால் அவள் மகள்தான், அவள் பிள்ளைகள் குடும்பத்துப் பிள்ளைகள்தான். அதைக் கிளறக் கூடாது என்று முன்னோர் வைத்த சட்டம்.

"வாயை மூடுடா!" என்று ஜாச்சே கத்தினார். கைத்தடியால் தரையில் அடித்தார். இரண்டு பேர் ஒபிரியைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். பெண்கள் "ஐயோ, என்ன வார்த்தை, என்ன வார்த்தை" என்று வாயில் அடித்துக்கொண்டார்கள். பிராகோ மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் ஊர்த்தலைவர் சபைக்குப் போனது. ஒபிரிக்கு ஆடும் ஜின்னும் அபராதம் விதித்தார்கள். சபை நடுவே அவன் மேல்துணியை இடுப்புக்கு இறக்கிக் கட்டிக்கொண்டு பிராகோவின் முன் மண்டியிட்டு, "என் வாய் பேசல, குடி பேசிச்சு, மன்னிச்சிடு" என்றான். ஆட்டை வெட்டி ரத்தத்தை மண்ணில் விட்டார்கள். ஜின்னை ஊற்றி முன்னோரைச் சமாதானப்படுத்தினார்கள். சொன்ன வார்த்தை கழுவப்பட்டுவிட்டது, இனி அதை எடுப்பவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை என்று ஊர்த்தலைவருக்காகச் சபையில் பேசும் வாய்மொழியாளர் அறிவித்தார்.

மறுநாள் பிராகோ கடை திறந்தாள். நான் அவளைத் தேற்ற நினைத்தேன்.

"விடுடி. ஊரே உன் பக்கம்தான் நின்னுச்சு. ஆடு வேற நல்ல கொழுத்த ஆடு."

"சார்போமா, நேத்து ஒருத்தராவது 'அது பொய்'னு சொன்னாங்களா?"

நான் யோசித்துப் பார்த்தேன்.

"சொல்லக் கூடாததைச் சொல்லிட்டான்னு எல்லாரும் சொன்னாங்க. பொய் சொல்லிட்டான்னு யாருமே சொல்லல" என்றாள். மீன் ஒன்றை எடுத்து, அதன் வயிற்றில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலம் ஜாச்சே வீட்டுக்குப் போனாள். என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனாள். அவர் வாசலில் சாய்வு நாற்காலியில் பொடி போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஒபிரி சொன்னது பொய்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

"அந்தப் பேச்சு முடிஞ்சு போச்சு, பிராகோ."

"பொய்னு சொல்லுங்க மாமா."

"நீ எங்க பொண்ணு. என் அக்கா மகளைப் பாக்கற மாதிரிதான் உன்னைப் பாத்திருக்கேன். இல்லையா? எதுலயாவது குறை வச்சேனா?"

"வைக்கல."

"அப்புறம் என்ன?"

அவர் பொடிடப்பாவை மூடினார். சட்டம் அவர் வாயையும் சேர்த்துத்தான் கட்டியிருந்தது. திரும்பி வரும்போது பிராகோ சொன்னாள்: "நான் சாவு வீட்டுல நெஞ்சைத் தொட்டுக்கிட்டு அழும்போது இந்தக் கிழவர்கள் எல்லாம் தலையைக் குனிஞ்சுப்பாங்க. மரியாதைன்னு நினைச்சேன்டி." அந்த வழி முழுக்க அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

தலைவி பதவியை அவளுக்கே கொடுக்க வேண்டும் என்று ஜாச்சே பிடிவாதமாக நின்றார். கொடுக்காவிட்டால் ஒபிரி சொன்னதை ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா. ஆனால் அடுத்த சாவிலேயே அது நடக்காது என்று தெரிந்துவிட்டது. செரா வழியில் ஒரு கிழவர் இறந்தார். பிராகோ கருப்பும் சிவப்புமாகத் துணி உடுத்தி வந்து நின்றாள். "பெமா பெத்தது மூணு பொண்ணு. மூத்தவ டாகோவா, நடுவுள்ளவ செரா..." என்றாள். அங்கேயே நின்றுவிட்டாள். மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஒபிரியின் தங்கை அச்சியா சட்டென்று முன்னால் வந்து மிச்சத்தைச் சொல்லி முடித்தாள். இரண்டு மாதம் கழித்து அச்சியாவே தலைவியானாள். குமாசியில் துணி வியாபாரம் செய்தவள், கையில் நாலு பேருக்குச் செய்கிற வசதி உண்டு. யாரும் எதிர்க்கவில்லை.

பிராகோவுக்கு வடக்கே போக வேண்டும் என்ற எண்ணம் எப்போது வந்ததோ தெரியாது. ஒரு காலையில், "கூட வரியா?" என்று கேட்டாள்.

"எங்கேன்னு தெரியாம எங்கடி போறது? வடக்குன்னா அது என்ன உன் வீட்டுக் கொல்லையா?"

"எங்கம்மா உடும்பு சாப்பிட மாட்டா. எங்க சட்டியில அதைப் போடவே விட மாட்டா. இந்தக் குடும்பத்துல மத்தவங்க எல்லாம் சாப்பிடுவாங்க. அவளுக்குப் பிடிக்காதுன்னு நினைச்சேன். இப்ப யோசிச்சா, அது அவளைப் பெத்தவ சொல்லிக் கொடுத்ததா இருக்கும். வடக்குல ஒவ்வொரு குடிக்கும் ஒரு விலக்கு உண்டாமே."

அந்த ஒரு உடும்புத் துப்பை வைத்துக்கொண்டு கிளம்பினோம். பெட்ரோல் இல்லாத காலம். வழியில் எங்கள் லாரி நாள் கணக்கில் நின்றது. கரிந்த காடுகளைத் தாண்டி தமாலே, அங்கிருந்து இன்னொரு லாரியில் நவ்ரோங்கோ. வறண்ட காற்றில் இருவருக்கும் உதடு வெடித்துவிட்டது. அங்கே சந்தையில் எங்கள் மொழி பேசும் ஒரு பெண் கிடைத்தாள். ஷியா மரக் கொட்டையில் எடுக்கிற வெண்ணெய் விற்பவள். பிராகோ விஷயத்தைச் சொன்னதும் அவள் எங்களை ஒரு மண்வீட்டு வளாகத்துக்கு அழைத்துப் போனாள். அந்தக் குடி உடும்பைத் தொடாத குடி.

அந்த வீட்டுப் பெரியவர் மரத்தடியில் இருந்தார். முதலில் கம்பு மாவு கரைத்த தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிக்கும் வரை எதுவும் கேட்கவில்லை. பிறகு வெண்ணெய்க்காரி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொன்னாள்.

"உடும்பு சாப்பிடாதவங்க நாங்க மட்டும் இல்ல. இங்க ஊருக்கு ஒரு குடி அப்படி இருக்கு. உன் பாட்டி பேரு என்ன?"

"அஃப்ரியே."

"அது உங்க ஊர்ல வச்ச பேரு. இங்க அவளுக்கு என்ன பேரு?"

பிராகோவுக்குத் தெரியவில்லை.

பெரியவர் தன் வழியைச் சொல்லிக் காட்டினார். தகப்பன், அவன் தகப்பன், அவன் தகப்பன் என்று எங்கேயோ ஆற்றோரத்தில் முதலில் குடிசை போட்டவன் வரை போனார். குதிரைக்காரர்கள் வந்து ஊரைக் கொளுத்திய காலமும் அதில் வந்தது. எதிர்த்து நின்று செத்த ஆண்களின் பெயர்கள் எல்லாம் வந்தன. பிராகோ மூச்சுவிடாமல் கேட்டாள். அந்தக் கணக்குப் போடும் விதம் அவளுக்குத் தெரிந்ததுதானே.

"அப்போ பிடிச்சிட்டுப் போன பொண்ணுங்க பேரு?" என்று கேட்டாள்.

பெரியவர் கையை விரித்தார். "பொண்ணுங்க வேற வீட்டுக்குப் போறவங்க. அவங்களை நாங்க வழியில சொல்றதில்ல."

எங்கள் பக்கம் தாயைச் சொல்வோம், தகப்பனைச் சொல்ல மாட்டோம். அவர்கள் பக்கம் தகப்பனைச் சொல்வார்கள், மகளைச் சொல்ல மாட்டார்கள். பிடிபட்டுப் போன ஒரு சின்னப் பெண் இரண்டு பக்கமும் இல்லாமல் போனது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிராகோவுக்கு அதற்கு முன்னமே உறைத்திருக்கும். மாவுத் தண்ணீர் குடித்த சுரைக்குடுக்கையை மடியில் வைத்து, அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பெரியவர் நல்ல மனிதர். கிளம்பும்போது வெண்ணெய்க்காரியிடம் ஏதோ சொன்னார்.

"நீ எங்க வீட்டுப் பொண்ணுன்னு வச்சுக்கன்னு சொல்றாரு. இல்லேன்னு சொல்ல ஆள் யாரும் இல்ல. ஒரு கோழி அறுத்து முன்னோருக்குச் சொல்லிடலாமாம்."

"ஆமான்னு சொல்லவும் ஆள் இல்லையே" என்றாள் பிராகோ. "அவருக்கு என் கும்பிடு சொல்லு. தெரியாததைச் சேர்த்துச் சொல்ற வழக்கம் எனக்கு இல்ல."

"கிடைச்சதை வாங்கிக்கிட்டா என்னடி குறைஞ்சிடும்?" என்று லாரியில் அவளைத் திட்டினேன். "அத்தனை தூரம் புழுதி தின்னோம்."

"ஒரு தடவை பொய்யான கொடியில தொங்கினது போதாதா?" என்றாள். பிறகு ஊர் வரும் வரை தூங்கினாள், அல்லது தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு வந்த பிறகும் ஆள் விசாரிக்க வருகிறவர்கள் வந்தார்கள். "அச்சியாவைக் கேளுங்க" என்று அனுப்பிவிடுவாள். அச்சியாவுக்கு அதில் பொறுமை கிடையாது, யார் வந்து கேட்டாலும் தடையில்லை என்று சொல்லிவிடுவாள். போக்குவாவுக்கும் அப்படித்தான் சொன்னாள். வாங்கிவந்தவளின் பேத்தி சொன்ன வார்த்தைக்கு இனி என்ன மதிப்பு என்று ஒபிரி நேராகச் சொல்லவில்லை. சொன்னால் இன்னோர் ஆடு போகும். ஆனால் பெண்ணை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் சுன்யானியில் விட்டுவிட்டு வந்தான்.

அடுத்த மழைக்காலத்தில் போக்குவா எங்கள் சந்தைக்கு வந்தாள். வயிறு தள்ளியிருந்தது. பிராகோவின் கடை முன்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, உங்க வாயால சொல்லுங்க. அவரும் நானும் நிஜமாவே ஒரே கொடியா? எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது."

"எனக்குத் தெரியாதும்மா."

"நீங்கதானே அன்னைக்குச் சொன்னீங்க!"

"சொன்னேன். நானே எந்தக் கொடின்னு தெரியாதவ. என் பேச்சை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப் போற? உங்க சின்னம்மா சரின்னு சொல்லிட்டா இல்ல? போய் நல்லா சாப்பிடு."

ஒரு கருவாட்டைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். நான் அவள் போகும் வரை காத்திருந்தேன்.

"ஏன்டி அப்படிச் சொன்னே? உனக்கா தெரியாது?"

"அந்த வயித்தைப் பாத்தே இல்ல? இப்ப உண்மையைச் சொன்னா அது யார் தலையில விழும்?" கொஞ்ச நேரம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். "அது மட்டும் இல்ல, சார்போமா. முன்னெல்லாம் சரியாச் சொல்லணும்னு நெஞ்சு துடிக்கும். இப்ப துடிக்கல. யார் யாரைக் கட்டினா எனக்கு என்ன?"

அந்த வார்த்தை ஒபிரி சொன்னதைவிட எனக்குப் பயமாக இருந்தது.

போக்குவாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒபிரி ஊரைக் கூட்டி விருந்து வைத்தான். பிராகோவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அந்த வருஷமே அவளுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. பிறகு மூச்சு வாங்கியது. ஒரு நாள் கடையை என்னிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனவள், பிறகு வரவில்லை. நான் தினமும் போய் ஒரு வாய் ஊட்டிவிட்டு வருவேன்.

"என்னை மிஷன் கல்லறையில போடச் சொல்லு" என்றாள் ஒரு மத்தியானம். "குடும்பத்துக் கல்லறை வேண்டாம். அங்க டாகோவா ஒரு பக்கம், செரா ஒரு பக்கம் படுத்திருக்காங்க. நடுவுல போய் நான் யாருன்னு சொல்லிக்கிட்டுப் படுக்கிறது?"

"உன் பிள்ளைங்ககிட்ட சொல்லேன்."

"அவனுங்க ஜாச்சே மாமாவை எதுத்துப் பேச மாட்டானுங்க. நீ வெளியாளு. நீ சொல்லலாம்."

வறண்ட காற்று தொடங்கிய வாரத்தில் இறந்தாள். நான் ஜாச்சேயிடம் போனேன். அவள் கேட்டதைச் சொன்னேன். அவர் கண்கள் சிவந்திருந்தன. பொய்யாக அழுகிற மனிதர் இல்லை அவர்.

"சார்போமா, நீ நல்ல சிநேகிதி. ஆனா இது எருமை வீட்டுப் பொணம். வேற எங்கயாவது புதைச்சா ஊர் என்ன சொல்லும்? ஒபிரி சொன்னது சரிதான்னு நாங்களே குழி தோண்டிக் காட்டின மாதிரி ஆகாதா?"

"அவ ஆசை அதுதானே, ஐயா."

"நீ நாய்க் குலம். இதுல உனக்குப் பேச்சு இல்ல."

அச்சியாவும் மற்றப் பெண்களும் அவளைக் குளிப்பாட்டித் துணி உடுத்தினார்கள். ஒரு குறையும் வைக்கவில்லை. ஒபிரி சவப்பெட்டியின் தலைமாட்டைத் தோளில் தாங்கினான், தேம்பித் தேம்பி அழுதான். டாகோவாவுக்கும் செராவுக்கும் கொஞ்சம் தள்ளி, அதே வேலிக்குள் அவளை இறக்கினார்கள். வேற்றுக் குலத்தார் நிற்கும் இடத்தில், வேலிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன்.

தகோராடியிலிருந்து வந்த மூத்த மகன் என் பக்கம் வந்தான்.

"சித்தி, அம்மா கடைசியா ஏதாவது சொன்னாங்களா?"

சொன்னேன். அவன் குழியைப் பார்த்தான். மண் விழத் தொடங்கியிருந்தது.

"ஜாச்சே மாமாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்பா."

"அப்ப சரி" என்றான். காற்றில் புழுதி பறந்தது. மண்ணை மூடி முடித்ததும் எல்லோரும் குடும்ப வீட்டுக்கு ஜின் குடிக்கத் திரும்பினோம்.